யார் வீட்டுத் துக்கம்

சிங்கம் பாத்தியளான்னு முதல் கேள்வியே கேட்டிய பாருங்க தம்பி, அதுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு உங்க பத்திரிகைக்கு என்ன வேணும்னு. பாக்கல. பத்துப் பன்னெண்டு வருஷம் மலாவியில இருந்தேன், ஒரு சிங்கம் பாக்கல. நான் பாத்ததெல்லாம் ஆடு. வகுப்புக்குள்ள வந்து சாக்பீஸைத் தின்னுட்டுப் போகும். ஆப்பிரிக்காவில் கணித ஆசிரியையை ஆடு எதிர்கொண்டதுன்னு போட்டா உங்க எடிட்டர் ஒத்துக்கிடுவாரா? மாட்டாரு.

அந்த நாற்காலி வேண்டாம், காலு ஆடும். இதுல இருங்க. எங்க வீட்டு அவியளையும் பாக்கணும்னு போன்ல சொன்னிய. சொல்லித்தான் வச்சிருந்தேன், பத்திரிகையில இருந்து தம்பி வருது, இருங்கன்னு. கீழத்தெருவுல ஒரு அடக்க ஆராதனையாம், வேட்டியை மாத்திட்டுக் கிளம்பியாச்சு. செத்தது யாருன்னு கேட்டேன். போனாத் தெரிஞ்சிரும்ங்காவ. இப்படி ஒரு மனுஷன்கூட முப்பத்தஞ்சு வருஷமா குடும்பம் நடத்துதேன். அதையும் உங்க மெஷின்ல பதிஞ்சிக்கிடுங்க.

நாங்க கிளம்பின கதையைச் சொல்லுதேன். எங்க மிஷனெரி சங்கத்துல அப்ப ஆப்பிரிக்காவுக்குக் கணக்கு டீச்சர் கேட்டாவ. நான் ஸ்கூல்ல விருப்ப ஓய்வு வாங்கிட்டேன். ஆண்டவர் எனக்குக் கொடுத்த தாலந்து கணக்கு, அதை எங்க வேணும்னாலும் கொண்டு போவேன்னு எழுதிக் குடுத்தேன். அவிய மில்லு ஸ்டோர்ல இருந்தாவ, மில்லு மூடிட்டு, சும்மாதான் இருந்தாவ. சங்கத்து அறிக்கையில 'மிஷனெரி திருமதி எமீமாள் குணசிங், துணைவர் திரு. குணசிங்'னு போட்டிருந்துச்சு. நான் மிஷனெரி. அவிய துணை. இதை நல்லா ஞாபகம் வச்சிக்கிடுங்க, ஏன்னா அங்க போனதும் இது தலைகீழா ஆயிட்டு.

கன்வென்ஷன் பந்தல்ல எங்களை மேடையில ஏத்தி, இருட்டுல இருக்கிற ஜனங்களுக்கு வெளிச்சம் கொண்டு போறாவன்னு பேசி, இருக்கிற பாதிரி ஐயருமாரு எல்லாம் தலையில கை வச்சு ஜெபிச்சாவ. ஒரு ஐயரு கை ரொம்ப கனம். ஜெபமும் நீளம். கழுத்து சுளுக்கிக்கிட்டு. அந்தச் சுளுக்கோடதான் நான் பிளேன் ஏறினேன்.

அங்க போனா, தம்பி, வெளிச்சம் எல்லாம் ஏற்கனவே ஏத்தி வச்சிருக்கு. ம்பலாசான்னு ஒரு ஊரு. செங்கல் கோயிலு, அவங்க முப்பாட்டன் காலத்துல கட்டினது. ஞாயித்துக்கிழமை காலையில ஆராதனை ஆரம்பிச்சா மத்தியானச் சாப்பாடு தாண்டியும் ஓடும், ஒரு ஆளு வாட்ச் பாக்க மாட்டான். பாட்டு ஆரம்பிச்சா கூரை ஆடும். நம்ம ஊரு பாடகர் குழுவை நினைச்சு எனக்கு வெக்கமாப் போச்சு. முதல் வாரமே மாயி ச்சிசாலே எங்கிட்ட வந்து கேட்டா. மாயின்னா அங்க அம்மா. கோயில்ல அம்மாமார் சங்கம்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு இவதான் தலைவி. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, தலையில துணி. போலீஸ்கூட அப்படி மிடுக்கா இருக்காது. 'இந்தியாவுல இருந்து வந்திருக்கிய, நீங்க எப்ப ரட்சிக்கப்பட்டிய?'ன்னு கேக்கா. எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல ஞானஸ்நானம் எடுத்த குடும்பம் நாங்கன்னேன். 'அது அவங்க. நீங்க?'ன்னா.

எனக்கு வந்துதே கோவம். சரி, ஊழியத்துக்கு வந்த இடம், சிரிச்சு வச்சேன்.

என் ஊழியம் வகுப்பறை. கரும்பலகை பொரிஞ்சு போய்க் கிடந்துது, பழைய பேட்டரிக்குள்ள இருக்க கரியை எடுத்துக் குழைச்சு நானே பூசுனேன். காம்பஸ் கிடையாது, ஆணியும் நூலும் வச்சு வட்டம் போட்டோம். விடியுமுன்ன ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். அந்தப் பிள்ளையளுக்கு நாலாம் ஃபார்ம் முடிக்கையில அரசாங்கப் பரீட்சை, நம்ம பிளஸ் டூ மாதிரி. நான் போறதுக்கு முன்ன கணக்குல தேறினதுன்னு சொல்ல ஆளே கிடையாது. நான் போயி நாலாவது வருஷம் பாதிப் பேருக்கு மேல பாஸ். பொம்பளப் பிள்ளைய ரெண்டு பேரு யுனிவர்சிட்டிக்குப் போச்சு. ஆத்துமா எத்தனை ஆதாயம் பண்ணினிய, எத்தனை பேரைச் சபையில சேத்தியன்னு சங்கத்துல இருந்து வருஷா வருஷம் கேப்பாவ. கணக்குல எத்தனை பேரு பாஸ்னு ஒருத்தரும் கேக்க மாட்டாவ.

எனக்கு அங்க ஒரே சத்துரு, மலீரோ. சாவுக்கு அங்க அதான் பேரு. தம்பி, ஒரு ஆளு செத்துட்டா ஊரே வேலையைப் போட்டுட்டுப் போயி உக்காந்துரும். பொம்பளைய வீட்டுக்குள்ள தரையில காலை நீட்டி உக்காரணும், ஆம்பளைய வெளிய மரத்தடியில. வாறவ மக்காச்சோள மாவு கொண்டு வரணும், விறகு கொண்டு வரணும், தண்ணி எடுக்கணும், களி கிண்டணும். ராத்திரி தங்கணும். தெரிஞ்ச ஆளு, தெரியாத ஆளுங்கிற பேச்செல்லாம் கிடையாது. என் வகுப்புல பாதி பெஞ்சு காலியாக் கிடக்கும். எங்க போச்சு பிள்ளையன்னா, மலீரோ. ஒரு தடவை நான் கதவைப் பூட்டிட்டுப் பாடம் நடத்துனேன். போர்டுப் பக்கம் திரும்பி ஒரு முக்கோணம் போட்டுட்டுத் திரும்புதேன், ஜன்னல் வழியா எல்லாம் போயிட்டு. போற பிள்ளைய நோட்டை எல்லாம் ஒழுங்கா மூடி வச்சிட்டுத்தான் போயிருக்கு, அந்த ஒழுக்கம் நான் சொல்லிக் குடுத்தது.

நான் போறது இல்ல. செத்தவங்க செத்துட்டாவ, போர்ஷன் அப்படியே நிக்கி. ஆனா அன்பு இல்லாதவன்னு சொல்லிராதிய. சாவு வீட்டுக்கெல்லாம் வசன அட்டை குடுத்து அனுப்புவேன். நம்ம ஊர்ல புது வருஷத்துக்கு வாக்குத்தத்த அட்டை குடுப்பாவல்லா, அது ஒரு கட்டு மிச்சம் கொண்டு போயிருந்தேன். தமிழ்தான். தமிழ்ல இருந்தா என்ன, வசனம் வசனம்தானே. ரோசாப்பூப் படம் போட்டு, இந்த வருஷம் உன் வீட்டுல ஆசீர்வாதம் பெருகும்ங்கிற மாதிரி இருக்கும். அவிய கையில குடுத்து விடுவேன்.

அவிய போவாவ. ஒரு சாவு விட மாட்டாவ. சைக்கிள்ல மாவு மூட்டையைக் கட்டிக்கிட்டு, அடுத்த ஊரு, அதுக்கடுத்த ஊருன்னு. குழி வெட்டுத பயலுவகூட நின்னு மண்வெட்டி பிடிப்பாவ. ராத்திரி அங்கனயே படுத்துட்டு, மறுநாள் புகை வாடையோட வந்து நிப்பாவ. ரெண்டு வருஷத்துல அந்த ஊரு பாஷையை அப்படிப் பேசுதாவ, எனக்கு இன்னைக்கும் வகுப்புக்கு வேண்டியதுதான் வாயில வரும், கேட்டாப் புரியும், அவ்வளவுதான். 'மிஷனெரி வேலைக்கு வந்துட்டு வெட்டியான் வேலை பாக்கியளே'ன்னு நான் ஏசுவேன். சிரிப்பாவ. அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது.

ஒரு நாள் அம்மாமார் சங்கம் மொத்தமா வீட்டுக்கு வந்துது, சீருடையில. முதல்ல ஒரு பாட்டு. பொறவு ஜெபம். பொறவு மாயி ச்சிசாலே மடியில இருந்து ஒரு கட்டை எடுத்து மேசையில வச்சா. என் வசன அட்டைய. எல்லா வீட்டுலயும் வாங்கிச் சேத்து வச்சிருக்கா. 'டீச்சர், காகிதம் தண்ணி எடுக்காது, விறகு பொறுக்காது. நீங்க எங்க சாவுக்கு வாறது இல்ல. சங்கத்துல கூடிப் பேசிட்டோம். உங்க வீட்டுச் சாவுக்கு நாங்க யாரும் வர மாட்டோம். கோவத்துல சொல்லல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு சொல்லுதோம்'ன்னா. பொறவு எல்லாரும் டீ குடிச்சிட்டு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போனாவ. அவங்க பிள்ளையளுக்குப் பாடம் நடத்த வேண்டாம்னு சொல்லல பாருங்க. அதுக்கு மட்டும் நான் வேணும்.

எனக்கு ஒண்ணும் தோணல. அவியதான் ஆடிப் போயிட்டாவ. 'ஏளா எமீமா, எனக்குச் சுகர் இருக்கு, நெஞ்சு வேற அப்பப்பப் பிடிக்கி. உன் வீட்டுச் சாவுன்னா அது நான்தானே? என்னை யாரு தூக்குவா? ஒரே ஒரு மலீரோவுக்கு வந்து தலையைக் காட்டு, அவங்க மனசு இளகிரும்'ங்காவ. நம்ம மிஷனெரி சங்கத்துல பிளேன்ல ஊருக்குக் கொண்டு போவாவன்னேன். 'நம்ம சங்கம் கொசுவலையே இன்னும் அனுப்பல'ன்னாவ. போர்ஷன் முடியட்டும், பாப்போம்னு சொல்லிட்டேன். அன்னையில இருந்து அவிய சரியாத் தூங்கல, அது எனக்குத் தெரியும். ஆனா போர்ஷன் நிஜமாவே முடியல தம்பி.

இப்படி இருக்கையில, பரீட்சைக்கு முந்தின வாரம், விடியக்காலம் என் தம்பி ஊர்ல இருந்து போன் பண்ணுதான். அம்மா போயிட்டான்னு.

எங்கம்மா பேரு ஞானவடிவு. வேதாகம ஸ்திரீயா, வேதம் வாசிச்சுக் காட்ட ஊர் ஊரா நடந்த பொம்பள. எங்கப்பா செத்தப்ப அழுத பொம்பளையள எல்லாம் அதட்டி, கிறிஸ்தவ வீட்டுல ஒப்பாரியா, பாமாலை எடுங்கன்னு சொன்னவ. கண்ணுல ஒரு சொட்டு விடல. எங்க வீட்டு அவியளுக்கும் எங்கம்மாவுக்கும் ஆகவே ஆகாது. மாப்பிள்ளை வந்தா ஒரு காப்பியக் குடுத்துட்டு உள்ள போயிருவா. சுகர் வாறதுக்கு இருபது வருஷத்துக்கு முன்னயே உங்கம்மா எனக்குச் சீனி இல்லாத காப்பி குடுத்தவன்னு அவிய கேலி பண்ணுவாவ.

அன்னைக்கே அடக்கம்னுட்டான் என் தம்பி. நாங்க போயிச் சேர வழி கிடையாது. நான் மூஞ்சியக் கழுவிட்டு, சேலையைக் கட்டிட்டு, ஸ்கூலுக்குப் போயிட்டேன். என்ன பாக்கிய? அழுதா வந்துருவாளா? வட்டத்துத் தேற்றம் பாக்கி இருந்துது. எங்கம்மாவே இருந்தாலும் போய்ப் பாடத்தை நடத்துன்னுதான் சொல்லியிருப்பா. நடத்துனேன். நல்லாவே நடத்துனேன்.

மத்தியானம் வீட்டுக்கு வாறேன், வேலிக்கு வெளிய ஒரே கூட்டம். அவிய ஊருக்குள்ள சொல்லி விட்டிருக்காவ, அம்மாமார் சங்கம் முழுசும் சீருடையில நிக்கி. தலையில மாவு, கக்கத்துல விறகு. ஆனா யாரும் உள்ள வரல. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டுச் சண்டை போட்டுக்கிட்டு இருக்கு. நான் யாரோ என்னவோன்னு பாத்தா, விவகாரம் என்னன்னா, இது யாரு வீட்டுச் சாவு? டீச்சரோட அம்மா செத்திருக்கா, அப்ப டீச்சர் வீட்டுச் சாவு, முடிவு எடுத்தபடி உள்ள போகக் கூடாதுன்னு ஒரு கட்சி. இல்ல இல்ல, செத்தது குணசிங்கோட மாமியாரு, குணசிங் ஒரு சாவு விடாம வந்த மனுஷன், அவருக்குப் போயே ஆகணும்னு ஒரு கட்சி. எங்கம்மாவை ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுக்காவ. நான் நடுவுல நோட்டுக்கட்டோட நிக்கேன். என்னை யாரும் கேக்கல.

ஊர்த்தலைவியக் கூப்பிட்டாவ. அங்க தலைவரும் பொம்பளையா இருக்கலாம், எல்லாம் பொண்ணு வழிதான். கல்யாணம் முடிஞ்சா மாப்பிள்ளைதான் பொண்ணு ஊருக்குப் போவான், மாமியார் நிலத்துல வேலை பாப்பான், மாமியார் சொல்லுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. மாமியார்னா அவனுக்கு அரசாங்கம். அந்தத் தலைவி ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்து, ரெண்டு கட்சியையும் கேட்டுட்டு, தீர்ப்பு சொல்லுதா. 'ஒரு மருமகனுக்கு மாமியார் சாவைவிடப் பெரிய சாவு எது? இது குணசிங்கோட சாவு. எல்லாரும் உள்ள போங்க.' சரி, டீச்சர் என்ன செய்யன்னு ஒருத்தி கேட்டா. 'டீச்சரும் வரலாம். வேணும்னா.'

கேட்டியளா? எங்கம்மா சாவுக்கு நானும் வரலாமாம், வேணும்னா.

திபுதிபுன்னு உள்ள நுழைஞ்சு என் கட்டில், மேசை, திருத்தி வச்ச பேப்பரு எல்லாத்தையும் வெளிய தூக்கி வச்சாவ. தரையில பாய் விரிச்சாவ. மாமரத்தடியில ஆம்பளைய கூடிட்டாவ. ஹெட்மாஸ்டர் வந்தாரு. சார், திங்கக்கிழமை பரீட்சை, ஸ்கூலை மூடிராதியன்னு கெஞ்சுனேன். 'மேடம், சின்னச் சாவா இருந்தாப் பாக்கலாம், இது மாமியார்'ன்னுட்டாரு. மூணு நாளு, தம்பி. ரிவிஷனுக்குன்னு நான் வச்சிருந்த மூணு நாளு அப்படியே போச்சு. அந்த வருஷமும் ரிசல்ட் குறையல, அதையும் எழுதிக்கிடுங்க. ஆனா குறைஞ்சிருந்தா யாரு பொறுப்பு?

நான் உள்ள போயி முன்னால உக்காரப் போனேன். மகள்னா அங்கதானே உக்காரணும். மாயி ச்சிசாலே கையப் பிடிச்சு நிப்பாட்டி, 'இது துக்கக்காரங்க இடம். நீங்க வந்தவங்க. வந்தவங்களுக்கு வெளிய வேலை இருக்கு'ன்னு ஒரு துடுப்பைக் கையில குடுத்தா. களி கிண்டுத துடுப்பு. கல்லைக் கூட்டி, பெரிய அண்டா வச்சு, எங்கம்மா சாவுக்கு நான் களி கிண்டுனேன். தண்ணி எடுத்தேன். விறகு பொறுக்குனேன். நேத்து வரைக்கும் என்னைக் கண்டா எந்திரிச்சு நிக்கிற பிள்ளைய, 'டீச்சர், தீ அணையுது, ஊதுங்க'ன்னுது. ஊதுனேன்.

எனக்கு அதெல்லாம்கூடப் பெருசாப் படல. ஒருத்தி, ஒரே ஒருத்தி எங்கிட்ட வந்து, உங்கம்மா போயிட்டாளேன்னு ஒரு வார்த்தை கேக்கல. வாறவ எல்லாம் என்னைத் தாண்டிப் போயி, மாமரத்தடியில அவிய முன்னால முட்டி போட்டு, மெதுவாக் கையைத் தட்டி துக்கம் விசாரிக்கா. அங்க மரியாதை அப்படி. இவிய என்னடான்னா தேம்பித் தேம்பி அழுதாவ. நடிப்புன்னுதான் நான் நினைச்சேன். எங்கம்மாவுக்கு இவிய எதுக்கு அழணும்? களியக் கிண்டிக்கிட்டே பாத்தேன், நடிப்பு மாதிரித் தெரியல. அது எனக்கு இன்னும் எரிச்சலா இருந்துது.

கடைசி நாளு, கலையுறதுக்கு முன்ன, செத்தவங்க எப்படி வாழ்ந்தாவன்னு வீட்டு ஆளு ஒருத்தர் எந்திரிச்சுச் சொல்லணும். வழக்கம். அவிய எந்திரிச்சாவ. நான் அடுப்படியில நிக்கேன். ஊருக்கு ஊரு நடந்தது, பாமாலை பாடினது எல்லாம் சொன்னாவ. சீனி இல்லாத காப்பியவும் சொன்னாவ, எல்லாரும் சிரிச்சாவ. அங்க சாவு வீட்டுல சிரிக்கலாம். பொறவு சொன்னாவ, 'நாங்க இங்க கிளம்புத அன்னைக்கு, ரயிலடியில, என் மாமியார் என்னைத் தனியாக் கூப்பிட்டா. அத்தனை வருஷத்துல என்கிட்ட ஏதாச்சும் கேட்டது அன்னைக்குத்தான். மாப்பிள்ளை, என் மகளுக்கு எல்லாம் தெரியும், மனுஷங்ககூட இருக்கத் தெரியாது. அது நான் வளத்த வளப்பு. அவ போகாத இடத்துக்கெல்லாம் அவளுக்குப் பதிலா நீங்க போயிருங்க. இல்லைன்னா எம்பிள்ளை அந்த ஊர்லயும் தனியாப் போயிருவான்னு அழுதா. அதான் நான் எல்லா மலீரோவுக்கும் வந்தேன். நான் வந்தது எல்லாம் எமீமா வந்ததுதான்னு வச்சிக்கிடுங்க.'

இப்படி. ஊரே கூடியிருக்கையில. எல்லாத் தலையும் அடுப்படிப் பக்கம் திரும்பிட்டு.

எனக்கு வந்த கோவம் இருக்கே தம்பி. எனக்கா மனுஷங்ககூட இருக்கத் தெரியாது? எத்தனை பிள்ளையள கரையேத்தியிருக்கேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, மூணாம் மனுஷன் மாதிரி இருந்த மாப்பிள்ளைகிட்டப் போயி அழுதிருக்காளே. என் முன்னால ஒரு நாளு அழாதவ. ஏம்மா இப்படிச் சொன்னேன்னு அந்த நிமிஷமே போன் போட்டுச் சண்டை பிடிக்கணும்னு இருந்துது. துடுப்பைக் கீழ வச்சிட்டு, வெளிய தூக்கிப் போட்டிருந்த சாமான்ல என் போனைத் தேட ஆரம்பிச்சிட்டேன். மேசைக்கடியில, பேப்பருக்கடியில. போன் கையில கிடைச்சுது. அம்மா நம்பரையும் எடுத்துட்டேன். அப்பத்தான் தம்பி எனக்கு எங்கம்மா செத்தா.

பொறவு நான் என்ன பண்ணினேன்னு எனக்குத் தெரியாது. மண்ணுல உக்காந்துட்டேன். எங்கம்மா எதைக் கூடாதுன்னாளோ, அதைப் பண்ணினேன், மாரடிச்சு, வாய் விட்டு, அசல் ஒப்பாரி. அது எனக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாது. தமிழ்ல அழுதேன், ஒருத்தருக்கும் விளங்காது. பொம்பளைய சுத்தி நின்னு ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்கா. சங்கத்துத் தீர்மானம் இருக்கே, எனக்கு ஆறுதல் சொல்லக் கூடாதே. களி அடிப்பிடிச்சு வாடை அடிக்கி, யாரும் அசையல.

மாயி ச்சிசாலேதான் வந்தா. பக்கத்துல காலை நீட்டி உக்காந்தா, வெள்ளைச் சட்டையோட அந்தச் சாம்பல்ல. தலைத்துணியை இழுத்து விட்டுட்டு அவளும் அழ ஆரம்பிச்சா, சத்தமா, அவங்க முறைப்படி. எனக்காக இல்லையாம். பொறவு ஒரு நாளு தெளிவாச் சொன்னா, தீர்மானத்தை மீறல, குணசிங்கோட மாமியாருக்காகத்தான் அழுதேன்னு. ஆனா பிடிச்சுக்கிட்டு அழுதது என் கையை.